பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு எந்தக் கார்ப்பரேட்டர்? எஸ்.யூ., சோலெக்ஸ், மாருதி

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் இன்னும் ஓடுகிற அம்பாசிடர்களில் டீசல் வண்டிகள்தான் அதிகம் கண்ணில் படும். பெட்ரோல் வண்டியை விற்காமல் வைத்திருப்பவர் கொஞ்சம் பிடிவாதக்காரராகத்தான் இருப்பார். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டர் தேய்ந்துபோனால் அவருக்கு மூன்று வழிகள் உண்டு. வண்டியில் இருக்கிற எஸ்.யூ. வகைக் கார்ப்பரேட்டரையே ஜெட் (பெட்ரோல் வரும் துவாரம்), நீடில் (அதற்குள் இறங்கும் ஊசி), ஸ்பிண்டில் புஷ் (த்ராட்டில் தண்டு சுழலும் வளையம்) மாற்றிப் புதுப்பிக்கலாம். கடையில் சோலெக்ஸ் என்ற இன்னொரு வகையைப் புதிதாக வாங்கி மாட்டலாம். இல்லையென்றால் லேத் பட்டறையில் அடாப்டர் பிளேட் ஒன்று செய்து மாருதி 800 கார்ப்பரேட்டரைப் பொருத்தலாம்.

மூன்றிலும் வண்டி ஓடும். உப்புக்காற்று, மணல், எத்தனால் கலந்த பெட்ரோல் மூன்றும் சேர்ந்த இந்தக் கரையில் எதை நாமே திறந்து, துடைத்து, டியூன் செய்து வைத்துக்கொள்ள முடியும் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அப்படிப் பார்த்தால் என் வரிசையில் எஸ்.யூ. முதலில், ஒழுங்கான சோலெக்ஸ் அடுத்து, மாருதி கடைசி.

எதை மாட்டினாலும் முதலில் கார்ப்பரேட்டரை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். வண்டி இழுக்கவில்லை என்று கார்ப்பரேட்டர் மாற்றியவர்களில் பலருக்கு நிஜமான கோளாறு டெல்கோவில் (பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர்) இருந்திருக்கும். கடற்கரையில் டெல்கோ மூடிக்குள் ஈரம் இறங்கும், பாயிண்டில் பச்சை பிடிக்கும். லூகாஸ் டெல்கோவில் பாயிண்ட் இடைவெளி 0.36 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். டேப்பட், பிளக், டைமிங் எல்லாம் சரி என்றான பிறகு, கார்ப்பரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் இன்லெட் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் (உறிஞ்சும் வேகத்தை அளக்கும் மீட்டர்) மாட்டிப் பாருங்கள். சீரான இன்ஜின் ஐட்லிங்கில் பொதுவாக 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும், முள்ளும் ஆடாது. மலையில் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். நமக்கு அந்தக் கணக்கு இல்லை, கடல்மட்டத்தில்தான் இருக்கிறோம். முள் குறைவாகக் காட்டினால் பேக்கிங் ஓரங்களிலும் ஸ்பிண்டில் பக்கமும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மாறுகிற இடத்தில்தான் காற்று உள்ளே போகிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் எந்தக் கார்ப்பரேட்டரையும் டியூன் செய்ய முடியாது.

இப்போது எஸ்.யூ. இதில் ஒரே ஒரு ஜெட். அதற்குள் கூம்பாக இழைத்த ஒரு ஊசி, அந்த ஊசியைத் தூக்கி இறக்க ஒரு பிஸ்டன். அவ்வளவுதான். இன்ஜின் எவ்வளவு காற்று இழுக்கிறதோ அந்த அளவுக்குப் பிஸ்டன் மேலே ஏறும். ஊசியும் கூடவே ஏறி ஜெட் வாயைத் திறந்துகொடுக்கும். ஐட்லிங்குக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட், பிக்கப்புக்குத் தனிப் பம்ப் என்ற பிரிவே கிடையாது. அடைத்துக்கொள்ள நுண்ணிய துவாரங்கள் குறைவு என்பதுதான் இந்த ஊரில் இதற்கு இருக்கிற பெரிய பலம்.

பலவீனமும் அந்தப் பிஸ்டனில்தான். அலுமினிய மூடிக்குள் மயிரிழை இடைவெளியில் அது ஏறி இறங்குகிறது. வண்டி சில மாதம் ஓடாமல் கடலோர ஷெட்டில் நின்றால் உள்ளே வெள்ளையாகப் பூத்துவிடும், பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் இடைவெளி கூடி, மூடியும் பிஸ்டனும் சேர்ந்து வீணாகும். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, நடுக்கம்பியில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். மூடியும் பிஸ்டனும் ஜோடியாகச் செய்தவை. இரண்டு பழைய கார்ப்பரேட்டரைப் பிரித்து ஒன்றின் மூடியை இன்னொன்றின் பிஸ்டனுக்குப் போட்டால் சரிவராது.

சேர்த்து முடித்ததும் ஒரு சோதனை. ஜெட்டை மேலே ஏற்றி வைத்து, பிஸ்டனைக் கையால் தூக்கி விடுங்கள். 'டக்' என்று அடித்து உட்கார வேண்டும். பிறகு ஜெட்டைக் கீழே இறக்கி வைத்தும் அதே மாதிரி தூக்கி விடுங்கள். சத்தம் ஒன்றாக இருந்தால் ஊசி ஜெட்டின் நடுவில் இறங்குகிறது. ஜெட் மேலே இருக்கும்போது மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால் ஊசி உரசுகிறது, ஜெட்டை மறுபடி நடுப்படுத்த வேண்டும். நம்மூரில் பாதிப் பேர் தாண்டிப்போகிற படி இது. இதை விட்டுவிட்டு நட்டைத் திருகிக்கொண்டே இருந்தால் மாலைவரை திருகலாம்.

எஸ்.யூ.விலேயே எச்.எஸ். என்ற வகையில் மிக்ஸ்சர் (காற்று, பெட்ரோல் கலவை) வைக்க ஜெட்டுக்குக் கீழே ஆறுமுக நட்டு இருக்கிறது. மேலே திருகினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஜெட்டைப் பாலத்தோடு (ஜெட் வாய் திறக்கும் மேடை) சமமாக வைத்து, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்கினால் அது ஆரம்ப நிலை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஒரு முகம் ஒரு முகமாக நகர்த்துங்கள். பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பின்னை அழுத்திப் பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்கினால் இன்ஜினே பதில் சொல்லிவிடும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே படுத்தால் பெட்ரோல் போதவில்லை. லேசாக ஏறி, பழைய நிலைக்கு வந்து நின்றால் சரி. இதற்கு மீட்டரும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம்.

மேலே இருக்கும் சின்ன மூடியைத் திறந்தால், பிஸ்டன் சட்டென்று ஏறாமல் பிடித்துவைக்கும் டேம்பர் எண்ணெய்க் குழல். எஸ்.ஏ.இ. 20 எண்ணெய்தான் அதற்கு. இங்கே பல பட்டறைகளில் கையில் இருக்கிற 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலையே ஊற்றிவிடுகிறார்கள். கெட்டி ஆயிலில் பிஸ்டன் மெதுவாக ஏறும், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் பெட்ரோல் கூடிப்போகும். எண்ணெயே இல்லையென்றால் மிதித்ததும் வண்டி ஒரு தடவை திக்கும். 'பிக்கப் இல்லை' என்று வருகிற எஸ்.யூ.வில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது இந்த மூடியைத்தான்.

எத்தனால் விஷயம் மூன்றுக்கும் பொது. இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில் ஆக்சிஜன் கலந்தே வருவதால், பழைய அளவில் வைத்த மிக்ஸ்சர் மெலிந்துவிடும். எஸ்.யூ.வில் நட்டை ஓரிரு முகம் இறக்கினால் முடிந்தது. சோலெக்ஸில் பெரிய மெயின் ஜெட் வாங்கி மாற்ற வேண்டும். கொடைக்கானல் மாதிரி உயரத்தில் ஓடிய வண்டியை வாங்கி வந்தாலும் இதே கதைதான். அங்கே மெல்லிய காற்றுக்குக் குறைத்து வைத்த மிக்ஸ்சர் இங்கே போதாது. ரப்பர், கார்க் சமாச்சாரத்தில் எஸ்.யூ.வுக்கும் தலைவலி உண்டு. பழைய எச் வகையில் ஜெட்டைச் சுற்றியிருக்கும் கார்க் சீல் காய்ந்து ஒழுகும். எச்.எஸ். வகையில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணத்திலிருந்து ஜெட்டுக்கு வரும் நைலான் குழாய் இறுகி வெடிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதே பக்கம்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஒழுகலோடு வண்டி ஓட்டக் கூடாது.

சரி, சோலெக்ஸ். இது தலைகீழ் சமாச்சாரம். காற்று போகிற வாய் மாறாது, அதனால் ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனி ஏற்பாடு. ஐட்லிங்குக்குப் பைலட் ஜெட், ஓட்டத்துக்கு மெயின் ஜெட், அதிவேகத்தில் மிக்ஸ்சரைத் திருத்த ஏர் ஜெட், மிதிக்கும்போது பெட்ரோல் பீய்ச்ச ஒரு பம்ப். எல்லாம் சரியாக இருந்தால் எஸ்.யூ.வைவிட மிருதுவாகவே ஓடும். பிஸ்டன் ஒட்டுகிற தொல்லையும் இல்லை. ஐட்லிங் வைப்பதும் எளிது: ஸ்லோ ஸ்பீடைக் கொஞ்சம் கூட்டி வைத்து, மிக்ஸ்சர் ஸ்க்ரூவை இன்ஜின் நொண்டும்வரை உள்ளே திருகி, சீராகும்வரை வெளியே எடுத்து, வேகம் உச்சத்தில் நிற்கும் இடத்தில் நிறுத்தி, அப்புறம் ஸ்லோ ஸ்பீடைக் குறைக்க வேண்டும். ஆனால் அந்த ஸ்க்ரூ ஐட்லிங்குக்கு மட்டும்தான். ஓட்டத்தில் இழுக்கவில்லை என்று அதையே திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை, அங்கே ஜெட்தான் மாற வேண்டும்.

இன்று புதிதாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை டூப்ளிகேட். சோலெக்ஸ் ஜெட்டில் 130 என்று அடித்திருந்தால் துவாரம் 1.30 மி.மீ. என்று பொருள். டூப்ளிகேட்டில் அந்த எண்ணையும் துவாரத்தையும் நம்ப முடியாது, ட்ரில் பிட்டின் தண்டை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் கண்ணாடியில் உப்புத்தாள் ஒட்டிச் சமன் செய்த பிறகே மாட்ட வேண்டும். ஆக்சிலேட்டர் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு முழுக்க மூடுகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

வண்டியை எப்போதாவது எடுப்பவருக்குச் சோலெக்ஸின் தொல்லை பைலட் ஜெட்டில். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், கிண்ணத்தில் வெள்ளைத் தூள் படியும், அது நேரே அந்த ஊசித்துவாரத்தில் போய் அடைக்கும். கம்பி விட்டுக் குத்தாமல் காற்று அடித்து ஊத வேண்டும். பல வாரம் நிற்கப் போகிற வண்டி என்றால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துவது நல்லது.

மாருதி கார்ப்பரேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை குறைவு, பழைய சாமான் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அது 796 சி.சி. மூன்று சிலிண்டருக்கு அளந்த ஜெட்டோடு வருகிறது. நம்முடையது 1,489 சி.சி. நான்கு சிலிண்டர். அப்படியே மாட்டினால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடாகும், ஜெட் பெரிதாக்க ஆள் தேட வேண்டும். டெல்கோவுக்குப் போகிற வேக்குவம் குழாயின் இடம் மாறும், ஆக்சிலேட்டர் கம்பி வேறு அளவு, ஐட்லிங்குக்குச் சொலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு) உள்ள வகை என்றால் அதற்குத் தனி ஒயர். கீழக்கரையில் ஒரு மெக்கானிக்கிடம், "மாருதி போட்டா மைலேஜ் ஏறுமா காக்கா?" என்று கேட்டேன். "ஏறும் தம்பி. வண்டிதான் மேடு ஏறாது" என்றார்.

மேடு இல்லாத இந்த ஊரில் அதைச் சோதிக்கப் பாம்பன் சாலைப் பாலம் ஒன்று போதும். படகுகள் போக நடுவில் உயர்த்திக் கட்டிய பாலம், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் காற்றின் தள்ளலும் சேர்ந்துகொள்ளும். டாப் கியரில் மெதுவாக வந்து ஏற்றத்தில் சீராக மிதித்துப் பாருங்கள். திக்காமல் ஏறினால் நடுவேக மிக்ஸ்சர் சரி. மிதித்ததும் ஒரு கணம் செத்து, பிறகு எடுத்தால் சோலெக்ஸில் பம்ப், எஸ்.யூ.வில் டேம்பர் எண்ணெய். ஏற ஏற மூச்சு வாங்கினால் மெயின் ஜெட் சிறிது, அல்லது பெட்ரோல் பம்ப் பலவீனம். பாலத்தின் மேல் நிறுத்தி பானட்டைத் திறக்காதீர்கள். செல்ஃபி எடுக்க நிற்கிற வண்டிகளே அங்கே போதும்.

சூட்டுச் சோதனைக்கு, தனுஷ்கோடி தாண்டி இருக்கும் அரிச்சல்முனை. இந்த இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம் என்பதால், உச்சிவெயிலில் நிறுத்திய வண்டியின் கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் வழிந்துவிடும். அரைமணி கழித்து ஸ்டார்ட் செய்யும்போது சோலெக்ஸ், மாருதி வைத்திருப்பவர் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட்டால் பம்ப் இன்னும் பெட்ரோலைப் பீய்ச்சி பிளக்கை நனைத்துவிடும். முழுக்க அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். எஸ்.யூ.வில் பம்பே இல்லாததால் அந்தத் தவறைச் செய்யக்கூட வழியில்லை. எதுவானாலும் மேனிஃபோல்டுக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் ஒரு தகர வெப்பத்தடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் மணல் பறக்கும் என்பதால், 'பிக்கப் ஏறும்' என்று யார் சொன்னாலும் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஓட்டாதீர்கள்.

ஆக, வண்டியில் எஸ்.யூ. இருந்து, மூடியும் பிஸ்டனும் கெடாமல் இருந்தால் அதையே புதுப்பியுங்கள். ஸ்பிண்டில் ஆட்டத்துக்கு லேத்தில் புஷ் அடித்தால் பாதி நோய் தீர்ந்துவிடும். மூடி உள்ளே குழி விழுந்திருந்தால், அல்லது பானட்டைத் திறக்கவே விருப்பமில்லாதவர் என்றால், ஜெட் அளந்து பார்த்து வாங்கிய சோலெக்ஸ் சரி. வாரம் ஒருமுறையாவது ஓட்டினால் போதும். மாருதி, அசல் பாகம் எதுவும் கிடைக்காமல் வண்டி ஷெட்டில் நிற்கிறவருக்கு மட்டும். பழையதைக் கழற்றினால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எஸ்.யூ. உடம்பு, லிங்கேஜ், மேனிஃபோல்டு ஸ்டட் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிப் பாலித்தீனில் கட்டி வையுங்கள், பின்னால் அது ஒன்றுதான் உதவும்.