நெஞ்சில் கட்டிய கேமராவா, முக்காலியில் நிற்கும் ஃபோனா?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு காசு தேடக் கிளம்பிவிடுவேன். இடம் இங்கிலாந்தின் கென்ட் பகுதி, அனுமதி கொடுத்த ஒரு விவசாயியின் அறுவடை முடிந்த வயல். தேடுவதைப் படம் பிடிக்க முதல் வருடம் ஃபோனை முக்காலியில் வைத்தேன். இப்போது ஆக்‌ஷன் கேமராவை நெஞ்சுப்பட்டையில் மாட்டுகிறேன். பழையபடி மாறுகிற எண்ணம் இல்லை.

படமும் ஒலியும் மட்டும்தான் கணக்கென்றால் முக்காலிக்கே மார்க். ஆடாது, முகம் தெரியும். நெஞ்சுக் கேமராவில் காற்று இரைச்சலோடு என் மூச்சிரைப்பும் இலவசம்.

ஆனால் சிக்னல் கேட்கும்போதெல்லாம் முக்காலியை நட்டு, கோணம் பார்த்து, அப்புறம் தோண்ட வேண்டும். வருவதில் பெரும்பாலானவை கேன் மூடி வளையம், ஈயத்துண்டு, தோட்டா உறை. ஒருநாள் அலுத்துப்போய் முக்காலியை வேலியோரம் விட்டுவிட்டேன். அன்றைக்கென்று கிடைத்தது ஒரு வெள்ளிப் பென்னி, 1662க்கு முன் சுத்தியலால் அடித்த ரகம். மறுபடி குழியில் போட்டு, எடுப்பதுபோல் நடித்தேன். வீடியோ பார்த்த மைத்துனர் கேட்டார்: "என்ன மச்சான், காசு குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கே?" நிஜமாக மண்கட்டியை உடைக்கும்போது அதில் காசின் அச்சு பதிந்திருக்கும். இந்த வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் கண் முதலில் போவது அங்கேதான்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாற்றியது அடிவானம். முக்காலியில் எடுத்தால் பின்னால் தேவாலயக் கோபுரம், மின்கம்பம், மரவரிசை எல்லாம் விழும். செயற்கைக்கோள் வரைபடத்தை வைத்து வயலைக் கண்டுபிடிக்க அது போதும். அனுமதியில்லாமல் இரவில் டார்ச்சோடு வந்து தோண்டுகிறவர்களை இங்கே நைட்ஹாக் என்பார்கள். பென்னி வீடியோ போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வயலில் மூடாத குழிகள். என் வீடியோவால்தான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் விவசாயி என்னைத்தான் கூப்பிட்டார். அனுமதி போகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

மண்டியிட்டால் நெஞ்சுக் கேமராவுக்குத் தெரிவது குழியும் என் முட்டியும்தான். நடக்கும்போது அடிவானம் வரும், அதனால் சிக்னல் கேட்ட பிறகே ரெக்கார்டை அழுத்துகிறேன். வெட்டாத காட்சியில் இன்னொரு லாபம்: எந்தக் குழியில் எது வந்தது என்ற குழப்பம் இல்லை. 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 வருடம் தாண்டிய தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டு ஒரே புதையலைச் சேர்ந்தவையாக இருந்தாலே 14 நாளுக்குள் கரோனர் எனும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது இந்தக் காட்சி கைகொடுக்கும்.

கேமராவின் வைஃபையை அணைத்தபின் டிடெக்டரின் கரகரப்பு குறைந்தது. எல்லா மாடலுக்கும் பொருந்துமா என்றால், நான் வைத்திருப்பது ஒன்றுதான். தலையில் மாட்டியும் ஒரே ஒரு நாள் எடுத்தேன். அந்த வீடியோவைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றியது.

முக்காலியை விற்கவில்லை. வீட்டில் காசைத் தண்ணீரில் அலசி, ராஜா தலையைக் காட்டும்போது சமையலறை மேசைமேல் அதுதான் நிற்கிறது.