கடலோர வீட்டில் வீல்சேர்: கழிப்பறை, வாசல், மாடிப்படிக்கு எது ஏற்றது?

பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அழைத்து வரும் வாரத்தில் குடும்பம் முதலில் வாங்குவது வீல்சேர். அடுத்து வாசலில் சாய்தளம் போட மேஸ்திரியைக் கூப்பிடுவார்கள். கழிப்பறையைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். வாசலைத் தாண்டுவது வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. கழிப்பறைக்குப் போவது நாளைக்கு ஆறேழு முறை, அதிலும் ஒருமுறை நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், ஈரத் தரையில். கையில் இருக்கும் பணம் முதலில் அங்கே போகட்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் அளவு டேப்பை எடுங்கள். கழிப்பறைக் கதவை முழுக்கத் திறந்து வைத்து, நிலைக்கும் கதவுப் பலகைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளக்க வேண்டும். இரண்டரை அடி நிலை என்பார்கள். உள்ளே அளந்தால் 24, 25 அங்குலம்தான் கிடைக்கும். 18 அங்குல இருக்கை உள்ள சாதாரண மடக்கு வீல்சேரின் வெளி அகலமோ 25, 26 அங்குலம். அந்த ஓர் அங்குலத்தில்தான் காரியம் கெடுகிறது. கதவைக் கழற்றித் திரை போட்டால் ஒன்றேகால், ஒன்றரை அங்குலம் மிச்சமாகும். பல வீடுகளில் அதுவே போதும். போதாவிட்டால் வீல்சேரைக் கழிப்பறை வாசலிலேயே நிறுத்திவிட்டு, 21, 22 அங்குல அகலமுள்ள சக்கரக் கமோட் சேரில் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

கழிப்பறை: நான்கு வழிகள்

இந்தியன் டாய்லெட் மட்டுமே உள்ள வீட்டில் முதலில் நினைவுக்கு வருவது, நடுவில் துளையுள்ள ஸ்டூல். விலை குறைவு, அன்றைக்கே கிடைக்கும். ஆனால் பீங்கானின் மிதிமேடு தரையைவிடச் சற்று உயர்ந்தோ சரிந்தோ இருக்கும். நான்கு கால்களில் ஒன்று தொங்கும். உட்காரும்போது தெரியாது. எழும்போது ஒரு பக்கமாக எடை சாயும், அப்போதுதான் ஸ்டூல் நகரும். வாங்கினால் ஒவ்வொரு காலும் தனித்தனியே உயரம் மாற்றக்கூடியதாகவும், அடியில் தடித்த ரப்பர் புஷ் உள்ளதாகவும் வாங்குங்கள். அதுவும் இரண்டு கையும் நன்றாக இருப்பவருக்கு மட்டும். பக்கவாதம் வந்தவருக்கு இது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, படுக்கையருகே வைக்கும் வாளியுள்ள கமோட் சேர். இரவுக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை. பகலிலும் இதையே பழக்கிவிட்டால், கழிப்பறைக்கு நடக்கக்கூடியவரும் நடையை விட்டுவிடுவார். கூடம் ஒன்றே உள்ள வீட்டில் நாலு பேர் நடுவே உட்கார வைப்பது அவரை எவ்வளவு கூனிக் குறுக வைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். நாற்றத்துக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. இரவுக்கு மட்டும் வையுங்கள். ஒரு மடக்குத் திரையும் சேர்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே உள்ள வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் பொருத்தும் உயர்த்தி. நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என்று வரும். இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்தவருக்கு முழங்காலைவிட இடுப்பு உயரமாக இருக்க வேண்டும் என்பதால் மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், சாதாரண வெஸ்டர்ன் டாய்லெட் 15, 16 அங்குல உயரம். அதன்மேல் ஆறு அங்குலம் ஏற்றினால் நாலே முக்கால் அடி உயரப் பாட்டிக்குக் கால் தரையில் படாது. கால் ஊன்றாதவரால் எழ முடியாது. நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்து, அதோடு ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் அவருக்கான உயரம். பக்கவாட்டில் கவ்வும் திருகு இல்லாமல், வெறுமனே மேலே வைக்கும் உயர்த்திகளைத் தொடாதீர்கள்.

நான்காவது, இந்தியனை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைத்து, கைப்பிடியும் பொருத்துவது. செலவு அதிகம், நாலைந்து நாள் வேலை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால் நம் ஓட்டு இதற்குத்தான். தரையை உடைக்கும்போதே இரண்டு வேலைகளைச் சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள். வாசற்கட்டையை அரை அங்குலத்துக்குள் இறக்க வேண்டும். கமோட் சேரின் சின்னச் சக்கரம் அதற்கு மேல் ஏறாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொண்டால் தூக்கப் போகிறவர் எப்படி நுழைவது? தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக் கூடியதாக இருக்கட்டும்.

கைப்பிடியும் அதைத் தாங்கும் சுவரும்

உறிஞ்சும் ரப்பர் கைப்பிடிகள் எடை தாங்குவதற்கானவை அல்ல. ஈர டைல்ஸில், அதுவும் டைல்ஸ் இணைப்பின்மேல் வைத்தால், காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புகுந்து, பிடிக்கிற நேரத்தில் கையோடு வரும். கழிப்பறையில் இவற்றுக்கு இடமில்லை.

பீங்கானைச் சுற்றி வைக்கும் கைப்பிடிச் சட்டத்தை, வீட்டுச் சொந்தக்காரர் துளை போட விடாத வாடகை வீட்டில் பயன்படுத்தலாம். இரண்டு கையையும் சமமாக ஊன்றி எழுபவருக்குச் சரி. ஒரு கையால் மட்டும் எழுபவருக்குச் சட்டம் சாயும்.

சுவரில் போல்ட் அடித்த கைப்பிடியே உறுதியானது, அடிக்கும் விதத்தில் அடித்தால். பெட்டியில் கூடவே வரும் ஒன்றரை அங்குலத் திருகை நம்பவே கூடாது. டைல்ஸும் அதன் பின்னால் உள்ள காரையுமே ஓர் அங்குலம் தின்றுவிடும். செங்கல்லில் அரை அங்குலம்கூட இறங்காது. செங்கல்லுக்குள் இரண்டு அங்குலமாவது இறங்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். முதலில் டிரில்லின் ஹேமரை, அதாவது இடித்துத் துளைக்கும் விசையை, நிறுத்திவிட்டு டைல்ஸைத் துளைத்து, பிறகுதான் ஹேமரைப் போட வேண்டும். இல்லாவிட்டால் டைல்ஸ் விரியும். துளையைச் சுற்றி சிலிக்கான் அடைக்காமல் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி ஒரு மழைக்காலத்திலேயே போல்ட் துருப்பிடிக்கும்.

நாலரை அங்குலச் சுவராக இருந்தால் மறுபக்கம் வரை துளைத்து, பின்னால் தகடு வைத்து நட்டு முடுக்குவதே நல்லது. புதுச்சேரியில் பழைய தெருக்களின் சுண்ணாம்புக் காரைச் சுவர்களுக்கும் இதே கதைதான். அங்கே விரியும் ஆங்கர் போல்ட் காரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். தகடு வைக்க முடியாத இடத்தில் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் பசை நிரப்பிப் பதிக்கும் போல்ட், போடச் சொல்லுங்கள். ஒட்டும் பசை இறுக வேண்டிய நேரம் முழுவதும் கைப்பிடியில் யாரும் கை வைக்கக் கூடாது. எந்த முறையில் போட்டாலும், வேலை முடிந்ததும் வீட்டிலேயே கனமான ஆள் அதில் தொங்கிப் பார்க்க வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் தாங்காதது கைப்பிடியே இல்லை.

எந்தப் பக்கம் வைப்பது? பிளம்பர் சுவர் பக்கத்தில் இருக்கும் பக்கமாக வைப்பார். வைக்க வேண்டியது, உட்கார்ந்த நிலையில் அவருடைய பலமான கை இருக்கும் பக்கம். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோனவருக்கு வலப்பக்கம். அங்கே சுவர் இல்லையென்றால் பின்சுவரிலிருந்து மடக்கி இறக்கும் கைப்பிடி போடலாம். கைப்பிடிக் குழாயின் பருமன் 32 முதல் 38 மில்லிமீட்டர், சுவருக்கும் குழாய்க்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம். அதற்கு மேல் இடைவெளி விட்டால் வழுக்கும் கை முழங்கை வரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். தண்ணீர்க் குழாயும் குவளையும் அதே கைக்கு எட்ட வேண்டும்.

எஸ்எஸ் என்று சொன்னால் போதாது

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ பெயின்ட் அடித்த இரும்புக் கமோட் சேர், பற்ற வைத்த இணைப்புகளிலும் சக்கர அச்சிலும்தான் முதலில் போகும். வெளிப்பூச்சு பளபளப்பாகவே இருக்கும், குழாயின் உள்ளே பொரிந்திருக்கும். உட்காரும் நாற்காலிக்கு அலுமினியம் மேல்.

கைப்பிடிக்குக் கடையில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று காட்டுவதில் பெரும்பாலும் மலிவான 202 ரகமும் கலந்திருக்கும். 202, 304 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. அதனால் காந்தம் வைத்துப் பார்ப்பது சோதனையே ஆகாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். கடலுக்கு மிக அருகில், வெளியே வைக்கும் கைப்பிடிக்கு 316. அதில் உள்ள மாலிப்டினம்தான் உப்பைத் தாங்குகிறது. 304 கூட வெளியில் டீக்கறை போலப் பழுப்பேறும். மாதம் இருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் அது மட்டுப்படும்.

வாசல்: சிமெண்டா, இரும்பா, மடக்கு அலுமினியமா?

கணக்கு எளிது. ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஒன்றரை அடி உயர வாசலுக்குப் பதினெட்டு அடி. 2015லும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் வெள்ளம் பார்த்த கடலூர் பகுதிகளில் இரண்டரை அடி உயர்த்திக் கட்டிய வீட்டுக்கு முப்பது அடி. நடுவிலோ திரும்பும் இடத்திலோ ஐந்தடி சமதளம் வேறு. வாசலுக்கும் தெரு வாய்க்காலுக்கும் நடுவே ஏழெட்டு அடிதான் இருக்கும் இடத்தில் மேஸ்திரி அந்த ஏழடிக்குள்ளேயே சரித்துவிடுவார். அது சாய்தளம் அல்ல, சறுக்கு மரம். ஏற்றும்போது தள்ளுகிறவர் திணறுவார். இறக்கும்போது நாற்காலி கையை மீறும்.

பக்கச் சந்தில் ‘ட’ வடிவத்தில் திருப்பிக் கொண்டுபோக முடிந்தால் சிமெண்ட்டே முதல் தேர்வு. அகலம் மூன்றடிக்குக் குறையாமல், ஓரத்தில் நாலு அங்குலக் கரை, மேற்பரப்பில், காயும் முன் துடைப்பத்தால் குறுக்குவாட்டில் இழுத்த கோடு. கிரானைட்டும் டைல்ஸும் வேண்டாம்; ஐப்பசி மழையில் சோப்புப் போல வழுக்கும். திண்ணை வைத்த பழைய வீடுகளில் முன்பக்கத்தை விட்டுவிட்டுத் தோட்டத்து வாசலைப் பாருங்கள். அங்கே உயரமும் குறைவு, இடமும் உண்டு.

இரும்புச் சட்டத்தில் செக்கர்டு பிளேட் (வழுக்காமலிருக்க மேடு பதித்த தகடு) போட்ட சாய்தளத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம் என்பதே அதன் ஒரே லாபம். செய்தால் வெட்டி, பற்றவைத்து முடித்த பிறகு முழுவதையும் துத்தநாகத்தில் முக்கி எடுக்க வேண்டும். பெயின்ட் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் முதலில் போகும்.

மடக்கு அலுமினியச் சாய்தளம் ஆறடி நீளத்தில் பதினைந்து கிலோ அளவில் இருக்கும். ஆறு அங்குல உயரத்துக்கு, அதாவது ஒரு படிக்கு, அருமையானது. மூன்று படிக்கு அதை வைத்தால் ஆபத்து. அதில் இரும்பு போல்ட் இருந்தால் எஸ்எஸ் போல்ட்டாக மாற்றி, இடையே நைலான் வாஷர் போடுங்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். எந்தச் சாய்தளமானாலும் இறக்கும்போது நாற்காலியைப் பின்புறமாகத்தான் இறக்க வேண்டும்.

மாடி

படிமேல் ஓடும் நாற்காலி லிஃப்ட் படியிலேயே போல்ட் அடித்த தண்டவாளத்தில் ஓடும். பேட்டரி உள்ளது என்பதால் கரண்ட் போனாலும் சில தடவை ஏறி இறங்கலாம். நேர்ப் படிக்கும் வளைந்த படிக்கும் விலை மடங்குக் கணக்கில் வேறுபடும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடுவில் திரும்பும் படிதான். அதைவிட முக்கியம், அதில் ஏறி உட்காரவும் மேலே எழுந்து மாறவும் அவரால் முடிய வேண்டும். மாடியிலும் இன்னொரு வீல்சேர் வேண்டும்.

வீல்சேரோடு ஏறும் வீட்டு லிஃப்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கடலூரில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்து எதையும் வாங்க முடியாது. கையால் இறக்கும் வசதி உண்டா என்று கேட்டு, விற்பவரை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். மோட்டாரும் மின்பலகையும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அவரைக் கீழே குடிவைக்க முடியாதா? லிஃப்ட் பணத்தில் ஒரு பகுதிக்கே கீழே கழிப்பறையோடு ஓர் அறை கட்டிவிடலாம். தெருவில் போகிறவர் வருகிறவரோடு நாலு வார்த்தை பேசும் வாய்ப்பும் அவருக்குக் கிடைக்கும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

உட்கார்ந்த நிலையில் நகரக்கூடியவருக்கு, கட்டிலுக்கும் வீல்சேருக்கும் நடுவே வைக்கும் சறுக்குப் பலகை போதும். அதற்குக் கட்டிலும் வீல்சேர் இருக்கையும் ஒரே உயரத்தில், 19, 20 அங்குலத்தில் இருக்க வேண்டும். வீல்சேரின் கைத்தாங்கி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கைத்தாங்கி நிலையாக உள்ள நாற்காலியை வாங்கிவிட்டுப் பலகையை வாங்கினால் பலகை பரணுக்குத்தான் போகும்.

நகரவே முடியாதவருக்கு ஹைட்ராலிக் தூக்கி. அதன் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய ஐந்து அங்குல உயரம் வேண்டும். அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டிலில் அது நுழையாது. தூக்கி வருவதற்கு முன் கட்டிலை மாற்றியாக வேண்டும். மனைவியோ மகளோ நாள்தோறும் கையாலேயே தூக்கிக்கொண்டிருக்கும் வீட்டில், அவர்கள் இடுப்பு போவதற்கு முன் இது வர வேண்டும்.

முதியோருக்கான ராஷ்ட்ரிய வயோஸ்ரீ, மாற்றுத்திறனாளிகளுக்கான அடிப் (ADIP) ஆகிய மத்திய அரசுத் திட்டங்களில், அரசு நிறுவனமான அலிம்கோ தயாரிக்கும் வீல்சேர், வாக்கர் போன்றவை தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. கடலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் புதுச்சேரியில் சமூக நலத் துறையிலும் கேளுங்கள். பதிவு செய்யும் நாளில் உங்கள் கதவின் உள் அகலத்தையும், அவருடைய இடுப்பின் அகலத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.