இலவ மரமும் வெண்கழுத்து ஜாகோபினும்

பனாமாவின் மழைக்காடுகளில் இரண்டையும் பார்க்கலாம். இலவ மரம் 60 மீட்டர் வரை வளரும். வெண்கழுத்து ஜாகோபின் என்ற ஹம்மிங்பறவையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். மரம் இரவில் பூத்து, தேன் கொடுத்து, வௌவால்களை வரவழைத்து மகரந்தம் பரப்பிக்கொள்கிறது. விதைகளைப் பஞ்சில் பொதிந்து காற்றில் விடுகிறது. பறவை பகலெல்லாம் பூப்பூவாக அலைந்தால்தான் பிழைக்கும்.

வியப்பென்றால் எனக்குப் பறவைதான். ஆணுக்கு நீலத் தலை, வெள்ளை வால். பெரும்பாலான பெண்கள் மங்கிய பச்சை. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்கு ஆணின் பளபளப்பு அப்படியே இருக்கிறது. 2021இல் வெளியான ஆய்வு ஒரு காரணத்தைக் காட்டியது: அந்தப் பெண்களை மற்ற ஹம்மிங்பறவைகள் குறைவாகவே விரட்டுகின்றன, அதனால் அவை கூடுதல் நேரம் உண்ண முடிகிறது. இளம்பருவத்தில் எல்லாப் பெண்களுக்கும் இதே கோலம் என்பது இன்னும் அழகு!

பாதுகாப்பு என்று வந்தால் என் கவலை மரத்தைப் பற்றியது. பறவை காட்டோரங்களிலும் தோட்டங்களிலும் சமாளித்துக்கொள்கிறது. முதிர்ந்த இலவத்தை வெட்டினால் அதன் கிளைகளில் வாழும் ஆர்க்கிட், தவளை, கூடு கட்டும் ஹார்ப்பி கழுகு எல்லாமே இடம் இழக்கின்றன.