நீக்கும் கருவிக்கு எழுதிய குறிப்பு: 14 மாத அனுபவம்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் ஒரு கடைக்கு நாங்கள் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். ஷீட்டின் தரம், ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த பால்) எடை, முன்பணம், பாக்கி எல்லாம் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. 14 மாதங்களுக்கு முன் அதில் ஒரு ஏஐ ஏஜெண்டை இணைத்தோம். கடைக்காரர் போனில் தமிழில் சொல்வார், அது செய்யும். எடைச் சீட்டு சேர்ப்பதும் பார்ப்பதும் முதல் வாரமே சரியாகிவிட்டன. பதிவை நீக்கும் கருவிதான் இழுத்துக்கொண்டே போனது. கருவி என்றால் ஏஜெண்ட் ஒரு வேலைக்காகக் கூப்பிடும் சிறு நிரல். கோட் எழுத அரை மணி நேரம் ஆனது. அதை எப்போது, எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று ஏஜெண்டுக்குச் சொல்லும் விளக்கக் குறிப்பை இதுவரை 11 முறை மாற்றியிருக்கிறேன்.

முதல் குறிப்பு ஒரே வரி: ‘கொடுத்த பதிவை நீக்கும்.’ குறிப்பை யார் படிக்கப் போகிறார்கள் என்ற பழைய நினைப்பில் எழுதியது. ஏஜெண்ட் ஒவ்வொரு முறையும் படிக்கிறது. அதில் இல்லாததைத் தானாகவே நிரப்பியும் கொள்கிறது.

எங்கள் பக்கம் பேரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. கடைக் கணக்கில் தங்கராஜ் மட்டும் நான்கு பேர். ஊரைச் சேர்த்துப் பார்த்தாலும் பாதி ஊர்கள் விளை என்றுதான் முடியும். அதனால் கருவி இப்போது பதிவு எண்ணை மட்டும்தான் வாங்கும். பேர் மட்டும் தெரிந்தால் முதலில் தேடு, ஒன்றுக்கு மேல் வந்தால் நீயே தேர்ந்தெடுக்காமல் கேள் என்று குறிப்பில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் வினைச்சொற்கள். ‘அந்தச் சீட்டை எடு’ என்றால் கொண்டுவந்து காட்டு. ‘எடுத்துரு’ என்றால் தூக்கிப்போடு. ‘கணக்கை முடிச்சிரு’ என்றால் பாக்கியைக் கொடுத்துத் தீர்ப்பது, பதிவை அழிப்பது அல்ல. கடையில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்ட பிறகுதான் இதெல்லாம் குறிப்பில் ஏறியது. எந்தச் சொல்லுக்கு இந்தக் கருவியை எடுக்கக் கூடாது என்ற பகுதிதான், என் கணக்கில், மொத்தக் குறிப்பிலும் அதிகம் வேலை செய்கிறது.

சறுக்கியது வேறு இடத்தில். சீட்டு இருக்கும் ஆளை நீக்க முயன்றால் தரவுத்தளம் மறுத்துவிடும். அந்த மறுப்புக்கு நான் வைத்திருந்த செய்தி: ‘நீக்க முடியவில்லை. முதலில் இவருடைய எடைச் சீட்டுகளை நீக்கவும்.’ மனிதர் யாராவது இதைப் படித்திருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு என்னைக் கூப்பிட்டிருப்பார். ஏஜெண்ட் சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு சீட்டாக நீக்கி, கடைசியில் ஆளையும் நீக்கி, ‘முடிந்தது’ என்றது. மறுநாள் கடைக்காரர் போனில், “மக்களே, தங்கராசுக்க கணக்கக் காணல்லியே!” என்றார். “இன்னா பாக்கியேன் அண்ணே” என்று சொல்லிவிட்டு பேக்கப்பைத் தேடினேன். இரவு எடுத்த நகலிலிருந்து மீட்டோம். அதற்குப் பின் போட்ட சீட்டுகளைக் காகித நகலைப் பார்த்து ஏற்றினோம். தப்பு முழுக்க என்னுடையது. பிழைச் செய்தியும் குறிப்புதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது அந்தச் செய்தி, ‘சீட்டுகள் உள்ளன. எதையும் நீக்காமல் பயனரிடம் தெரிவி’ என்கிறது.

இன்னொன்று: தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில், ஒரு பதிவுகூடப் பொருந்தாத டெலீட் கட்டளை பிழை ஆகாது. ‘வெற்றி’ என்று மட்டும் திருப்பி அனுப்பினால், இல்லாத பதிவையும் நீக்கிவிட்டதாக ஏஜெண்ட் சொல்லும். நீக்கிய பதிவுகளின் எண்ணிக்கையைத் திருப்பி அனுப்பி, பூஜ்யம் என்றால் எதுவும் நீக்கப்படவில்லை என்று எழுதினேன்.

ஏஜெண்டைக் கருவிகளோடு இணைக்க நாங்கள் பயன்படுத்துவது 2024 நவம்பரில் வெளியான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறை. ஒரு கருவி அழிக்கக்கூடியது என்று அதில் குறி வைக்கலாம். வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் குறி வெறும் அறிவிப்புதான், பூட்டு இல்லை. அதனால் சறுக்கலுக்குப் பிறகு ஏஜெண்டின் தரவுத்தளப் பயனரிடமிருந்து டெலீட் அனுமதியையே பறித்துவிட்டேன். இப்போது நீக்கு என்றால் பதிவை அப்படியே வைத்து, நீக்கிய தேதியை அதன் ஒரு நெடுவரிசையில் எழுதுவது மட்டும்தான். அதையும் குறிப்பில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாதவரை, ‘நிரந்தரமாக அழிந்துவிட்டது’ என்று கடைக்காரரைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது.

பயத்தில் நடுவே ஒருமுறை குறிப்பை இரண்டு பக்கத்துக்கு நீட்டி, ‘ஒருபோதும்’ என்று வரிக்கு வரி எழுதினேன். இரண்டு தடவை ஏறிய சீட்டில் ஒன்றை நீக்கச் சொன்னாலும் மறுத்தது. பாதிக்கு மேல் வெட்டியதும் சரியானது.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. நீக்கும் முன் பேர், ஊர், கடைசிச் சீட்டின் தேதி மூன்றையும் காட்டி ‘சரியா?’ என்று கேட்கிறது. ஷீட் கட்டு வந்து இறங்கும் நேரத்தில் அண்ணன் படிக்காமலே ‘ம்’ என்கிறார்.