மீன் லோடு பிக்கப்புக்கு எந்த ஆயில்? ராமேஸ்வரம் பக்கத்து அனுபவம்

ஆயில் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி வேணும்?" என்றுதான். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. கேனைத் திருப்பி, ஏபிஐ (ஆயிலின் தரத்தைச் சொல்லும் குறி) என்று போட்டிருக்கும் இடத்தில் என்ன எழுத்து என்று பாருங்கள். சிஐ-4, சிகே-4 என்று 'சி'யில் தொடங்கினால் டீசலுக்கு. 'எஸ்' மட்டும் இருந்தால் பெட்ரோல் வண்டிக்கு.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பல வருடமாக மீனும் ஐஸும் ஏற்றுகிறேன். முன்பு பிஎஸ்3 பிக்கப், இப்போது பிஎஸ்6 (பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கான அரசு விதி, எண் கூடினால் கண்டிப்பும் கூடும்). இரண்டுக்குமே கையேட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை எண் 15டபிள்யூ-40தான். ஆனால் பழையதற்கு ஊற்றிய சிஐ-4 ப்ளஸ் புதியதற்கு ஆகாது. பிஎஸ்6 வண்டியில் சைலன்சர் போகும் வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி கரியைப் பிடித்து வைக்கும். கரி அப்புறம் எரிந்து போய்விடும். ஆயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்மானம் எரிந்து வரும் சாம்பல் மட்டும் உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் சிகே-4 ஆயிலில் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சிஐ-4ல் அந்த வரம்பு இல்லை.

கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் அதையே போடுங்கள். 'நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்' என்று 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. ஆயில் குடிக்கும் கிழட்டு வண்டிக்கு வேண்டுமானால் சரி. டர்போ உள்ள புது இன்ஜினில் அந்த வேலை வேண்டாம். இன்னொரு வழக்கம், விசைப்படகுக்கு வாங்கிய பேரலில் இருந்து மலிவாகப் பிடித்து ஊற்றுவது. படகு இன்ஜினில் டிபிஎஃப் கிடையாது. அந்த ஆயிலுக்கு நம் வண்டியைப் பற்றி என்ன கவலை?

ஆயில் கறுத்துவிட்டதே என்று பட்டறையில் பயமுறுத்துவார்கள். டீசலில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நாளிலேயே கறுக்கத்தான் செய்யும். கரியை அடியில் படியவிடாமல் தன்னோடு தூக்கி வைத்துக்கொள்வது அதன் வேலை. நான் பார்ப்பது அளவை. டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுகிறோம். கூடினால் மட்டும் 'பரவாயில்லையே, குடிக்கவே இல்லை' என்று சந்தோஷப்படுகிறோம். பிஎஸ்6 வண்டியில் கூடுவதுதான் வம்பு.

டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்க, வண்டி தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சும். அதில் எரியாதது சிலிண்டர் சுவர் வழியாக, இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்புக்கு இறங்கும். நீண்ட ஓட்டத்தில் இந்த எரிப்பு ஒழுங்காக முடிந்துவிடும். பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் நடை அடித்துக்கொண்டே இருந்தால், அல்லது ஏலம் முடியும்வரை ஏசிக்காக இன்ஜினை ஆஃப் பண்ணாமலே வண்டியைப் படகுத்துறையில் போட்டுத் தூங்கினால், எரிப்பு பாதியில் நின்று நின்று டீசல் சேர்ந்துகொண்டே போகும். டிப் ஸ்டிக் நுனியிலிருந்து ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டுக் கொஞ்ச நேரம் வையுங்கள். நடுவில் கறுப்பு நிற்கும். டீசல் கலந்திருந்தால் அதைச் சுற்றி வெளிறிய வளையம் அகலமாகப் பரவும். மோந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் மாற்றிவிடுவேன். மதுரை லோடு கிடைக்கும் மாதங்களில் இந்தத் தொல்லையே இருப்பதில்லை. 170 கிலோமீட்டர் போல ஒரே சீராக ஓடுவது அந்த இன்ஜினுக்கு மருந்து.

அடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. வண்டியும் பெரும்பாலும் நிழலில்தான். பலர் ஜூன் மாதம் தொழில் தொடங்கும்போது ஆயில் மாற்றுகிறார்கள். நான் ஏப்ரலிலேயே, நிறுத்துவதற்கு முன்பே மாற்றுகிறேன். பழைய ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும். அது இரண்டு மாதம் பேரிங்கில் ஊறிக்கொண்டு கிடக்க வேண்டாம். இடையில் 'சும்மா அஞ்சு நிமிஷம்' ஸ்டார்ட் பண்ணி வைப்பதும் கூடாது. இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்தால் ஈரம் கூடத்தான் செய்யும். எடுத்தால் உச்சிப்புளி வரையாவது ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஆயில் மாற்றும்போது கீழே குனிந்து சம்பையும் பாருங்கள். படகுத்துறையில் தேங்கிய உப்புத் தண்ணீர் தெறித்து, ஆயிலை வடிக்கும் நட்டைச் சுற்றித்தான் முதலில் பெயிண்ட் பொருக்கு விடும். வாஷர் மாற்றச் சொன்னால் மெக்கானிக் "அது நல்லாத்தானே இருக்குண்ணே" என்பார். மாற்றச் சொல்லுங்கள்.

போலி ஆயில் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கு முதல் சரக்கே நாம் பட்டறையில் விட்டுவரும் காலி கேன்தான். நான் கிளம்பும்முன் ஸ்க்ரூடிரைவரால் கேன் அடியில் இரண்டு குத்து குத்திவிடுவேன். தண்ணீர் பிடிக்கக் கேன் கேட்கும் பையனுக்கு மட்டும் என்மேல் கொஞ்சம் கோபம்.