சி.வி.எஸ். உறுப்பினராகப் பல வருடங்கள்: எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு என்ன கிடைத்தது

இங்கிலாந்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியோ முதியோர் சங்கமோ நடத்துகிறவர்கள் முதலில் கேட்பது கிராண்ட் (மானியம்) எங்கே கிடைக்கும் என்றுதான். அதற்கு முன்னால் உங்கள் ஊர் சி.வி.எஸ்ஸில் சேருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கவுன்சில் ஃபார் வாலண்டரி சர்வீஸ். சில ஊர்களில் வாலண்டரி ஆக்‌ஷன், கம்யூனிட்டி ஆக்‌ஷன் என்று பெயர் இருக்கும், வேலை ஒன்றுதான், சின்னச் சின்னத் தன்னார்வக் குழுக்களுக்குப் பின்னால் நின்று கைகொடுப்பது. எங்கள் பள்ளியின் கணக்கு வழக்கைப் பார்ப்பவன் என்பதால் அவர்களோடு அதிகம் புழங்கியது நான்தான்.

எங்கள் யாப்பை, அதாவது சங்க விதிகளை, உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார்களே, அதைத்தான் பெரிய உதவியாகச் சொல்வேன். சங்கத்தைக் கலைத்தால் மீதிப் பணம் எங்கே போகும் என்ற பிரிவே அதில் இல்லை. உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது, இதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குத்தான் போக வேண்டும் என்று எழுதிச் சேர்க்கச் சொன்னார் சி.வி.எஸ். அலுவலர். அப்புறம் வங்கிக் கணக்கைப் பார்த்தார். கையெழுத்துப் போடும் இருவரும் கணவன் மனைவி. நம் சங்கங்களில் இது சர்வசாதாரணம், ஒரு குடும்பம்தான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடும். ஆனால் கிராண்ட் தரும் நேஷனல் லாட்டரி கம்யூனிட்டி ஃபண்ட் போன்ற இடங்களில் உறவில்லாத இருவர் கட்டாயம் வேண்டும், கமிட்டியிலும் சரி, வங்கிக் கணக்கிலும் சரி. வங்கியில் பெயர் மாற்றுவது ஒரு நாளில் முடிகிற காரியமா? விண்ணப்பிக்கக் கிளம்பும் முன்பே அவர் இதைப் பிடித்துக் கொடுத்ததால்தான் எங்களால் நிதானமாகச் சரிசெய்ய முடிந்தது.

பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கான டி.பி.எஸ். சோதனையும் (குற்றப் பின்னணி பார்ப்பது) அப்படித்தான். வருடத்துக்கு 100 சோதனைகூடச் செய்யாத சிறிய குழு நேரடியாகப் பதிவு செய்துகொள்ள முடியாது, இடையில் இன்னொரு அமைப்பு வேண்டும். தன்னார்வலர்களுக்கு அரசுக் கட்டணம் கிடையாது, இடையில் இருப்பவர்கள் கையாளும் கட்டணம் வாங்கலாம், அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். சாரிட்டி பதிவு பற்றியும் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புவார்கள். வருட வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால்தான் சாதாரணச் சங்கத்துக்கு அது கட்டாயம். மண்டபத்தைக் குத்தகைக்கு எடுக்கிற அளவுக்கு வளர்ந்தால் சி.ஐ.ஓ. அமைப்புக்கு (சங்கமே தன் பெயரில் ஒப்பந்தம் செய்யக்கூடிய சாரிட்டி வடிவம்) மாறுவது நல்லது, இல்லையென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கமிட்டிக்காரர்கள் தலையில்தான் கடன் விழும். இதையெல்லாம் வக்கீல் செலவில்லாமல் தெரிந்துகொண்டோம்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை இல்லை. நாங்கள் பழகிய அலுவலர்கள் நிலைப்பதில்லை. அவர்கள் சம்பளமே குறுகிய கால நிதியில்தான் ஓடுகிறது, ஊர் நிர்வாகமான கவுன்சில் பணத்தைக் குறைத்தால் முதலில் போவது அந்த வேலைதான், புதிதாக வருபவருக்கு எங்கள் கதையை ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். இன்னொன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம்: கலந்தாய்வுக் கூட்டத்தை வாரநாள் காலையில் வைக்கிறார்கள். முழுநேர வேலை பார்த்துக்கொண்டு பள்ளி நடத்துகிறவர்கள் எப்படிப் போவது? சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் பெரிய சாரிட்டிகள்தான் வந்து உட்கார்கின்றன, ஊர்க் குழுக்களின் குரல் என்று கவுன்சிலுக்குப் போவது அவர்கள் பேசியதுதான். மாலையில் வையுங்கள் என்று ஒவ்வொரு கருத்துப் படிவத்திலும் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

கிராண்ட் விண்ணப்பத்தை அவர்களே எழுதித் தருவார்கள் என்று போகாதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்துத் திருத்தம் சொல்வார்கள், அதுவே போதும்.

உங்கள் பகுதியில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால், இங்கிலாந்தில் இவற்றுக்கெல்லாம் பொதுவான நாவ்கா அமைப்பின் உறுப்பினர் பட்டியலில் தேடலாம். ஸ்காட்லாந்தில் டி.எஸ்.ஐ. (தேர்ட் செக்டர் இன்டர்ஃபேஸ்) என்றும், வேல்ஸில் கவுண்டி வாலண்டரி கவுன்சில் என்றும் கேளுங்கள். முதல் சந்திப்புக்கு யாப்பு, கடைசி வருடக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள்.