படைப் பணியில் இருந்தபடியே பிராந்திய விமானி வேலை: ஹெலிகாப்டர் விமானிகள் விமானத்துக்கு மாற உதவும் திட்டம் ஒன்றின் மதிப்புரை

அமெரிக்காவில் விமான நிறுவனத்தில் சேர மற்றவர்களுக்குப் பொதுவாக 1500 மணி நேரப் பறப்பு அனுபவம் தேவைப்பட, படையில் பயிற்சி பெற்ற விமானிக்கு 750 மணி போதும் என்றாலும், ஹெலிகாப்டர் மட்டுமே ஓட்டிய என்னைப் போன்ற தேசியக் காவல் படையினர் (பெரும்பாலும் பகுதிநேரமாகப் பணியாற்றும் படையினர்) விமானத்தில் தலைமை விமானியாக 250 மணி சேர்த்தாக வேண்டும். அந்த மணிகளைப் பறந்து சேர்க்கும் செலவில் பெரும்பகுதியை ஏற்ற பிராந்திய நிறுவனம் (குறுந்தொலைவுப் பயணங்களை இயக்கும் விமான நிறுவனம்) ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஆட்சேர்ப்பு அதிகாரி என் பறப்புப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, மணிகளைப் பென்சிலால் கூட்டிக் காட்டியது மனநிறைவளித்தது. படைப் பணிக்குச் சென்றாலும் பணிமூப்பு தொடரும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை. ஆனால் படையின் மாதப் பயிற்சி நாள்களைப் பணி அட்டவணையில் ஏற்ற நிறுவனத்துக்கு மூன்று முறை எழுத வேண்டியிருந்தது பெருங்குறைதான். சேரும்போது தரும் ஊக்கத்தொகை குறைந்தாலும், வீட்டிலிருந்து காரில் போகும் தொலைவில் பணித்தளம் உள்ள நிறுவனத்தையே முதலில் பாருங்கள்.